குறுக்கே கிடக்கும் தேதிகளை நெடுக்கே இறக்குவது: மீன் கம்பெனி ஷீட்டிலிருந்து பவர் பிஐ சார்ட் வரை

தம்பி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் ஒரு மீன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறீர்கள். எக்ஸெல்லில் மாதத்துக்கு ஒரு ஷீட். இடது ஓரத்தில் நண்டு, கணவாய், இறால், திருக்கை, பாறை என்று சரக்கு, மேலே 1 முதல் 31 வரை தேதி, நடுவில் அன்றைக்கு வந்த எடை கிலோவில், கடைசி வரியிலும் கடைசிப் பத்தியிலும் மொத்தம். இதை அப்படியே பவர் பிஐ என்ற சார்ட் மென்பொருளுக்குள் ஏற்றி, நண்டு வரத்து மாதத்துக்கு மாதம் ஏறியதா இறங்கியதா என்று ஒரு சார்ட் போடப் பார்த்தால் வலது பக்கம் 31 ஃபீல்டு வரிசையாக நிற்கிறது, எதை எங்கே இழுத்துப் போடுவது என்றே தெரியவில்லை. இது போதாதென்று இன்னொரு கொள்முதல் ஷீட், அதில் தலைப்பே இரண்டு அடுக்கு. முதலாளி தினமும் கேட்கிறார். இதுதானே?

முதலில் ஒன்று. உங்கள் ஷீட்டில் தப்பு எதுவும் இல்லை. இந்த மாதிரிக் கேள்விக்குப் பாதிப் பேர் "ஷீட்டை ஆரம்பத்திலேயே ஒழுங்காக வைத்திருக்க வேண்டும்" என்றுதான் பதில் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. விடியற்காலையில் எடை போடும் இடத்தில் நின்று எழுதுகிறவருக்குத் தேதி குறுக்கே ஓடுவதுதான் வசதி. ஒரு தாளில் மாதம் முழுக்கத் தெரியும், எந்த நாள் விட்டுப்போனது என்று பார்த்த உடனே தெரியும். அது மனிதக் கண்ணுக்காகக் கட்டிய அட்டவணை. எழுதுகிறவர் அப்படியே எழுதட்டும். சார்ட்டுக்கு வேண்டிய வடிவத்தை நீங்கள் நடுவில் ஒரு தடவை செய்து வைத்துவிட்டால் அதற்கப்புறம் ரெஃப்ரெஷ் பட்டன்தான்.

சார்ட் மென்பொருள் எதை எதிர்பார்க்கிறது என்று பார்ப்போம். கீழ் அச்சுக்கு ஒரு பத்தி, நிறம் பிரிக்க ஒரு பத்தி, உயரத்துக்கு ஒரு பத்தி. அவ்வளவுதான். உங்கள் ஷீட்டில் தேதி என்று ஒரு பத்தியே இல்லை. தேதி 31 பத்திகளின் தலைப்பாகச் சிதறிக் கிடக்கிறது. எடை என்று பெயர் போட்ட பத்தியும் எங்கேயும் இல்லை, அது நடுவில் பரவிக் கிடக்கிறது. மென்பொருளைப் பொறுத்தவரை "5" என்பது ஒரு பத்தியின் பெயர், "6" இன்னொரு பத்தியின் பெயர், இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, "6" அடுத்த நாள் என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

இப்போது இருப்பது இப்படி:

சரக்கு | 5 | 6 | 7
நண்டு | 120 | | 95
கணவாய் | 60 | | 0

வேண்டியது இப்படி:

தேதி | சரக்கு | எடை
2024 மார்ச் 5 | நண்டு | 120
2024 மார்ச் 7 | நண்டு | 95
2024 மார்ச் 5 | கணவாய் | 60
2024 மார்ச் 7 | கணவாய் | 0

6-ஆம் தேதி காணாமல் போயிருக்கிறது, கவனித்தீர்களா? அதற்குப் பின்னால் வருகிறேன், உங்கள் கணக்கில் முக்கியமான இடமே அதுதான்.

மவுஸைத் தொடுவதற்கு முன்னால் ஒரு வாக்கியம் எழுதிக்கொள்ளுங்கள்: "என் அட்டவணையில் ஒரு வரி என்பது ______." நிறையப் பேர் இதைச் செய்யாமல் பட்டன்களை அமுக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். உங்களுக்கு நான் சொல்வது: ஒரு வரி என்பது ஒரு நாளில், ஒரு இறங்குதளத்தில், ஒரு வகைப் படகிலிருந்து, ஒரு சரக்கு வந்தது. வாக்கியம் தெளிவாக இருந்தால் எந்தப் பத்தி அப்படியே நிற்க வேண்டும், எது இறங்கி வர வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். படகு வகையை ஏன் சேர்த்தேன் என்பதும் கீழே வரும்.

சரி, வேலைக்கு வருவோம். பவர் பிஐ டெஸ்க்டாப் விண்டோஸில் இலவசம். அதற்குள் இருக்கும், டேட்டாவைச் சுத்தம் செய்து வடிவம் மாற்றும் பவர் குவெரி என்ற பகுதியில்தான் இந்த வேலை முழுக்க நடக்கும். எக்ஸெல் 2016-லிருந்து மேலே டேட்டா என்ற டேப்பில் இதே பவர் குவெரி உள்ளேயே இருக்கிறது, பவர் பிஐ இல்லாதவர்கள் அங்கேயே செய்து பார்க்கலாம். இன்னொன்றும் சொல்கிறேன், முதலாளிக்கு ஒரே ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு படம் போதும் என்றால் இவ்வளவும் வேண்டாம், எக்ஸெல் சார்ட் குறுக்கே கிடக்கும் டேட்டாவையே எடுத்துக்கொள்ளும், பத்து நிமிட வேலை. மாதங்கள் சேரச் சேர, இடவாரி, சரக்குவாரி என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்று வரும்போதுதான் வடிவம் மாற்றுவது அவசியமாகிறது.

உங்கள் ஷீட்களுக்கு "2024-03" என்கிற மாதிரிப் பெயர் வையுங்கள், ஏனென்றால் ஆண்டும் மாதமும் உங்களிடம் ஷீட்டின் பெயரில் மட்டும்தான் இருக்கிறது. பவர் குவெரியில் ஒரு ஷீட்டைத் தேர்ந்தெடுக்காமல் ஒர்க்புக்கையே தேர்ந்தெடுத்து உள்ளே போனால், எல்லா ஷீட்டும் ஒரு பட்டியலாக வரும். அங்கே கைண்ட் என்று ஒரு பத்தி இருக்கும். அதில் ஷீட் என்பதை மட்டும் வைத்து மற்றதை ஃபில்டரில் எடுத்துவிடுங்கள். யாராவது ஒரு ஷீட்டுக்குப் பிரின்ட் ஏரியா வைத்திருந்தால் அதுவும் தனியாக அந்தப் பட்டியலில் உட்கார்ந்திருக்கும், விட்டுவிட்டால் அந்த மாதத்து எடை மட்டும் இரண்டு தடவை ஏறும், காரணம் தேடிக் கண்டுபிடிக்க அரை நாள் ஆகும்.

பிறகு நேம், டேட்டா இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு டேட்டாவை விரியுங்கள். முதல் வரியைத் தலைப்பாக்குங்கள். எல்லா ஷீட்டிலும் தலைப்பு 1 முதல் 31 என்று ஒன்றாக இருப்பது இங்கே நல்லதாகப் போயிற்று. ஷீட் பெயர் இருந்த பத்திக்குத் தலைப்பாக முதல் மாதத்தின் பெயர் வந்து உட்கார்ந்திருக்கும், அதை "மாதம்" என்று மாற்றிக்கொள்ளுங்கள். சரக்குப் பத்தியில் காலி வரிகள், "மொத்தம்" வரி, மற்ற ஷீட்களிலிருந்து வந்த "சரக்கு" என்ற தலைப்பு வரி மூன்றையும் ஃபில்டரில் எடுங்கள். கடைசியில் இருக்கும் மொத்தம் பத்தியையும் நீக்குங்கள். மொத்தத்தை உள்ளே விட்டால் அது 32-வது நாள் மாதிரி எடையில் சேர்ந்துகொள்ளும், எல்லாமே இரண்டு மடங்காகக் காட்டும். சரியாக இரண்டு மடங்கு என்பதால் சார்ட்டின் வடிவம் மாறாது, பார்த்தால் சந்தேகமே வராது, அதுதான் இதில் ஆபத்து.

இப்போது மாதம், சரக்கு இரண்டு பத்தியையும் தேர்ந்தெடுத்து, வலது கிளிக்கில் "அன்பிவட் அதர் காலம்ஸ்". மற்ற பத்திகளை எல்லாம் நெடுக்கே இறக்கும் கட்டளை இதுதான். அட்ரிபியூட், வேல்யூ என்று இரண்டு புதுப் பத்தி வரும். அட்ரிபியூட் உங்கள் நாள், வேல்யூ உங்கள் எடை. "அதர்" என்பது முக்கியம். 31 பத்தியையும் தேர்ந்தெடுத்து "அன்பிவட் ஒன்லி செலக்டட் காலம்ஸ்" கொடுத்தால் அந்தப் பெயர்கள் அப்படியே பதிவாகிவிடும், நாளைக்குப் புதிதாக ஒரு பத்தி வந்தால் அது இறங்காமல் பக்கத்தில் தொங்கிக்கொண்டு நிற்கும். இதே காரணத்துக்காக, பவர் குவெரி தானாகச் சேர்க்கும் "சேஞ்ச்டு டைப்" என்ற படி அன்பிவட்டுக்கு முன்னால் இருந்தால் அழித்துவிடுங்கள். அதிலும் பத்திப் பெயர்கள் எழுதப்பட்டிருக்கும், ஒரு பெயர் மாறினாலும் ரெஃப்ரெஷ் நின்றுவிடும். வகை மாற்றுவதெல்லாம் கடைசியில் ஒரே ஒரு தடவை.

தேதியைக் கட்ட, மாதத்தை நடுக்கோட்டில் பிரித்து ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் எண்ணாக்கி, ஹேஷ் போட்டு எழுதும் டேட் ஃபங்ஷனில் கொடுங்கள். தேதியை எழுத்தாக ஒட்டி அதைத் தேதியாக்காதீர்கள். 04/05 என்பது மே 4-ஆ ஏப்ரல் 5-ஆ என்பது கம்ப்யூட்டரின் செட்டிங்கைப் பொறுத்தது, உங்கள் மெஷினில் சரியாக வந்து முதலாளி மெஷினில் மாறிப்போகும். ஷீட்டின் தலைப்பிலேயே முழுத் தேதி வைத்திருக்கிறவர்கள், வகை மாற்றும்போது "யூசிங் லொகேல்" என்பதைக் கொடுத்து இங்கிலீஷ் இந்தியாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, வேறு ஒன்று இருக்கலாம்: ஜனவரி ஷீட்டை நகலெடுத்து பிப்ரவரி செய்திருந்து, அதில் 30-ஆம் தேதியில் யாரோ 0 போட்டு வைத்திருந்தால் பிப்ரவரி 30 என்று ஒரு தேதியைக் கட்டப் பார்த்து எரர் வரும். எரர் வந்த வரிகளைக் கண்ணை மூடிக்கொண்டு நீக்காதீர்கள், ஒரு தடவை பார்த்துவிட்டு நீக்குங்கள்.

இனி அந்தக் காணாமல் போன 6-ஆம் தேதி.

பவர் குவெரி அன்பிவட் செய்யும்போது காலிக் கட்டங்களை வரியாக்காது, விட்டுவிடும். 0 இருந்தால் வரி வரும். ஆக, உங்கள் ஷீட்டில் காலிக்கும் பூஜ்யத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுவரை யாருக்கும் பெரிதாகத் தெரிந்திருக்காது, இனிமேல் சார்ட்டில் தெரியும். நம் கரையில் காலிக் கட்டம் என்பது பல அர்த்தம் உள்ளது. விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகின்றன, மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. அதனால் விசைப்படகுச் சரக்குக்கு மாதத்தில் பாதிக்கு மேல் கட்டங்கள் இயல்பாகவே காலி. காற்று எச்சரிக்கை என்றால் காலி. வேலைநிறுத்தம் என்றால் தொடர்ந்து பல நாள் காலி. படகு வந்தது, ஆனால் இந்தச் சரக்கு இல்லை என்றாலும் சிலர் காலியாக விடுவார்கள். எழுத மறந்ததும் காலிதான்.

இதில் படகு வந்தும் சரக்கு இல்லை என்பதற்கு மட்டும் 0 போடச் சொல்லுங்கள். எழுதுகிறவரிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டிய மாற்றம் இதுதான். படகே போகாத நாள் காலியாக இருக்கட்டும். வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள்: ஒரு மாதத்தில் 13 நாள் சரக்கு இறங்கி மொத்தம் 2600 கிலோ என்றால், இறங்கிய நாளுக்குச் சராசரி 200 கிலோ. காலியை எல்லாம் 0 என்று நிரப்பி 31-ஆல் வகுத்தால் 84 கிலோகூட வராது. இரண்டும் சரியான எண்தான், ஆனால் ஐஸ் எவ்வளவு வாங்கி வைப்பது, எத்தனை பேரை வேலைக்குக் கூப்பிடுவது என்று பார்க்கிறவருக்கு 200 தான் வேண்டும், 84-ஐ நம்பித் தயாரானால் சரக்கு இறங்கும் நாளில் பாதிக்கு மேல் ஐஸ் இல்லாமல் நிற்கும். அதனால் "காலியை எல்லாம் முதலில் பூஜ்யமாக்கு" என்று எங்கேயாவது படித்தால் நம் கணக்குக்கு அதைச் செய்ய வேண்டாம்.

அப்புறம் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை, வரியே இருக்காது. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ஏற்றுமதி கம்பெனிக்கு இந்த மாதிரி ஒரு சார்ட் செய்து கொடுத்தேன், நாள்வாரி வரத்து, கோட்டுச் சார்ட். அன்றைக்கு அலுவலகத்துக்கு வந்திருந்த ஒரு சம்மாட்டி (படகு உரிமையாளர்) திரையைப் பார்த்ததும் மே மாதத்தில் விரலை வைத்து, இது யாருடைய படகு என்று கேட்டார். ஏப்ரல் நடுவில் இருந்த கடைசிப் புள்ளியையும் ஜூன் நடுவில் இருந்த முதல் புள்ளியையும் கோடு நேராக இணைத்திருந்தது, இரண்டு மாதமும் தினமும் சரக்கு வந்தது போல அழகாக ஒரு சரிவு. டேட்டாவில் ஒரு தப்பும் இல்லை. வரி இல்லாத இடத்தில் கோடு தானே பாலம் கட்டிக்கொண்டது. கம்பெனியில் இருந்த யாருக்கும் அது கண்ணில் படவில்லை, கடலுக்குப் படகு அனுப்புகிறவருக்கு ஒரு நொடியில் பட்டது. அன்றிலிருந்து நாள்வாரி வரத்துக்குக் கோடே போடுவதில்லை, பட்டைச் சார்ட்தான். வரி இல்லாத நாளில் பட்டை இருக்காது, பார்க்கிறவருக்கு இடைவெளி இடைவெளியாகவே தெரியும். கீழ் அச்சுக்கு மட்டும் தனியாக ஒரு காலண்டர் அட்டவணை, எல்லா நாளும் வரிசையாக, பக்கத்தில் "தடைக்காலம்", "காற்று", "வேலைநிறுத்தம்" என்று நாளின் நிலை ஒரு பத்தியில். உங்கள் ஆட்கள் எடைக் கட்டத்திலேயே "காற்று" என்று எழுதி வைக்கும் பழக்கம் இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், இறக்கிய பிறகு எண்ணாக இல்லாத வரிகளைத் தனியாகப் பிரித்து இந்தக் காலண்டருக்குக் கொண்டுவரலாம். எடைப் பத்தியை எண் வகைக்கு மாற்றும் முன்னால் இதைச் செய்ய வேண்டும், மாற்றிய பிறகு அவை எரர் ஆகிவிடும்.

தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகு போகும். ஒரு வரி எது என்ற வாக்கியத்தில் படகு வகையைச் சேர்த்தது இதற்காகத்தான், அதைத் தனிப் பத்தியாக வையுங்கள். அது இல்லையென்றால் மே மாத நண்டு ஏன் திடீரென்று குறைந்தது, ஏன் முழுக்க நிற்கவில்லை என்ற இரண்டு கேள்விக்கும் சார்ட்டில் பதில் இருக்காது. கம்பெனியின் பழைய கணக்கையும் ஏற்றப்போகிறீர்கள் என்றால் இன்னொன்று: 2017-க்கு முன்னால் தடை 45 நாள்தான், மே 29-உடன் முடிந்துவிடும். பழைய ஜூன் முதல் வாரத்தையும் இப்போதைய ஜூன் முதல் வாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரத்து விழுந்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது.

அடுத்தது இரண்டு அடுக்குத் தலைப்பு. உங்கள் கொள்முதல் ஷீட்டில் இடப்பக்கம் தேதி, சரக்கு. மேலே மண்டபம் என்று இரண்டு கட்டத்தைச் சேர்த்து ஒன்றாக்கி எழுதியிருக்கிறது, அதற்குக் கீழே எடை, விலை. அப்புறம் பாம்பன், கீழே எடை, விலை. அப்புறம் தொண்டி. இதைப் பார்த்துத்தான் பலரும் கைவிட்டுவிடுகிறார்கள். இணைத்த கட்டத்தில் பெயர் முதல் கட்டத்தில் மட்டும்தான் இருக்கிறது, பக்கத்துக் கட்டம் உண்மையில் காலி. பவர் குவெரியில் கீழ்நோக்கி நிரப்பவும் மேல்நோக்கி நிரப்பவும் பட்டன் உண்டு, பக்கவாட்டில் நிரப்பப் பட்டன் இல்லை. அதனால் ஷீட்டையே ஒரு தடவை புரட்டிப் போட்டு, நிரப்பி, திரும்பப் புரட்ட வேண்டும். நெத்திலி காயப்போடுகிறவர்கள் ஒரு பக்கம் காய்ந்ததும் புரட்டுவார்களே, அதே வேலை.

ஷீட்டை ஏற்றியதும் தலைப்பாக்கும் படியையும் வகை மாற்றும் படியையும் பவர் குவெரி தானாகச் சேர்த்திருக்கும், இரண்டையும் அழியுங்கள். தலைப்பாகப் போன வரி டிரான்ஸ்போஸில் தொலைந்துவிடும் என்பதால் இதை மறக்கக் கூடாது. பிறகு டிரான்ஸ்ஃபார்ம் என்ற டேப்பில் டிரான்ஸ்போஸ், அதுதான் புரட்டும் பட்டன். இப்போது முதல் பத்தியில் இடத்தின் பெயர் ஒன்று விட்டு ஒன்று இருக்கும், இரண்டாவது பத்தியில் எடை, விலை, எடை, விலை. முதல் பத்தியில் ஃபில் டவுன். நிரம்பவில்லை என்றால் அந்தக் கட்டத்தில் இருப்பது உண்மையான காலி இல்லை, காலி எழுத்து. ரிப்ளேஸ் வேல்யூஸில் அதை null (உண்மையான காலி) என்று மாற்றிவிட்டு மறுபடி நிரப்புங்கள். பிறகு இரண்டு பத்தியையும் மெர்ஜ் காலம்ஸில் ஒன்றாக்குங்கள், நடுவில் நெட்டுக்கோடு, இடப்பெயரில் வரவே வராத குறியாக இருக்க வேண்டும். "மண்டபம்|எடை", "மண்டபம்|விலை" என்று வரும். மறுபடி டிரான்ஸ்போஸ், முதல் வரியைத் தலைப்பாக்குங்கள். தேதி, சரக்கு தலைப்புகளில் கோடு ஒட்டிக்கொண்டு வந்தால் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது தேதி, சரக்கு இரண்டையும் தேர்ந்தெடுத்து அன்பிவட் அதர் காலம்ஸ். அட்ரிபியூட்டை நெட்டுக்கோட்டில் பிரித்தால் இடம் ஒரு பத்தி, எடை-விலை என்ற வார்த்தை ஒரு பத்தி.

இங்கே நிறுத்திவிடலாம் என்று தோன்றும். நிறுத்தாதீர்கள். இப்போது வேல்யூ பத்தியில் ஒரு வரியில் கிலோ, அடுத்த வரியில் ரூபாய். யாராவது அதை இழுத்துச் சார்ட்டில் போட்டால் கிலோவும் ரூபாயும் கூட்டி ஒரு எண் வரும், அதற்கு அர்த்தமே இல்லை, ஆனால் பார்க்க எண் மாதிரிதான் இருக்கும். எல்லாவற்றையும் நீளமாக இறக்குவதுதான் நல்லது என்று நினைப்பவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. இடம் என்பது ஒரே அளவை எங்கே எடுத்தோம் என்று பிரிக்கிறது, அது இறங்க வேண்டும். எடையும் விலையும் வேறு வேறு அளவு, பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். அதனால் அந்த வார்த்தைப் பத்தியைத் தேர்ந்தெடுத்து பிவட் காலம் கொடுங்கள், வேல்யூ காலம் என்ற இடத்தில் வேல்யூ, அட்வான்ஸ்டு உள்ளே "டோன்ட் அக்ரிகேட்". தேதி, சரக்கு, இடம், எடை, விலை என்று ஐந்து பத்தி கைக்கு வரும்.

சில கட்டங்களில் எரர் என்று வந்து, சொடுக்கினால் எண்ணிக்கை அதிகமாக இருக்கிறது என்கிற மாதிரி ஒரு வாசகம் வரலாம். ஒரே நாளில் ஒரே இடத்தில் ஒரே சரக்கைக் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வாங்கி இரண்டு வரி எழுதியிருப்பார்கள், எந்த எடைக்கு எந்த விலை என்று அதற்குத் தெரியவில்லை. அன்பிவட்டுக்கு முன்னால் ஒரு இண்டெக்ஸ் பத்தி சேர்த்து, அதையும் தேதி, சரக்கோடு சேர்த்துத் தேர்ந்தெடுத்துக்கொண்டால் ஒவ்வொரு வரியும் தன் அடையாளத்தோடு இறங்கும், சிக்கல் தீர்ந்தது.

விலையைச் சார்ட்டில் போடும்போது பவர் பிஐ தரும் ஆவரேஜை அப்படியே வைக்காதீர்கள். கணக்குக்காக, ஒரு நாள் நண்டு 400 கிலோ, கிலோ 300 ரூபாய். இன்னொரு நாள் 40 கிலோதான் வந்தது, 450 ரூபாய். ஆவரேஜ் 375 என்று காட்டும். நீங்கள் உண்மையில் கொடுத்தது 440 கிலோவுக்கு 1,38,000 ரூபாய், கிலோ 314-க்கும் கொஞ்சம் குறைவு. சரக்கு குறைந்த நாளில் விலை ஏறுவது நம் கரையில் இயல்பு, அதனால் சாதாரணச் சராசரி எப்போதும் ஒரே பக்கமாக, விலையைக் கூட்டியே காட்டும். எடை பெருக்கல் விலை என்று தொகைப் பத்தி ஒன்று சேர்த்து, மெஷரில் (பவர் பிஐயில் நாமே எழுதும் கணக்கு வாய்ப்பாடு) தொகையின் கூட்டுத்தொகையை எடையின் கூட்டுத்தொகையால் வகுங்கள். டிவைட் ஃபங்ஷன் இருக்கிறது, எடை இல்லாத நாளில் எரர் காட்டாமல் காலியாக விடும்.

இடம் ஒரு பத்தியாக இறங்கிவிட்டால் கிடைக்கிற லாபம் ஒன்று இருக்கிறது, எனக்கு இதில் பிடித்ததே அதுதான். இடங்களுக்குத் தனியாக ஒரு சின்ன அட்டவணை போடுங்கள்: இடம், எந்தக் கடல். தொண்டி, தேவிபட்டினம் வடகடல், அதாவது பாக் ஜலசந்திப் பக்கம். கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் தென்கடல், மன்னார் வளைகுடா. இரண்டு அட்டவணையையும் இடப்பெயரை வைத்து இணைத்தால் (ரிலேஷன்ஷிப்) ஒரே சொடுக்கில் கடல்வாரியாகச் சார்ட் பிரியும். வாடைக்காற்றுக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் தென்கடல், ஆகவே இரண்டின் ஏற்ற இறக்கமும் ஒரே மாதத்தில் வராது, மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் ஒன்றை ஒன்று மறைத்துவிடும். தப்பு எதுவும் இல்லை என்று ஆரம்பத்தில் சொன்னேன், ஆனால் இங்கே உங்கள் கொள்முதல் ஷீட்டில் ஒரு உண்மையான குறை இருக்கிறது. "மண்டபம்" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். மண்டபத்தில் வடக்கிலும் கரை உண்டு, தெற்கிலும் உண்டு. பாம்பனும் அப்படியே. எந்த மென்பொருளாலும் எழுதாததைப் பிரித்துத் தர முடியாது. இன்றைக்கே தலைப்பை மண்டபம் வடக்கு, மண்டபம் தெற்கு என்று பிரித்துவிடுங்கள். பழைய மாதங்களுக்கு "மண்டபம், பிரிக்கவில்லை" என்று ஒரு வரியை இட அட்டவணையில் வைத்துக்கொள்ளுங்கள், ஊகித்து ஏதாவது ஒரு பக்கம் தள்ள வேண்டாம்.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு மட்டும் வரும் ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். கணவாய், கனவாய் என்று மாறி மாறி எழுதுவது கண்ணுக்குத் தெரியும், ஒரு பெயர் மாற்ற அட்டவணை வைத்துச் சரிசெய்துவிடலாம். பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்பேஸை டிரிம் எடுத்துவிடும். ஆனால் "தொண்டி" என்று இரண்டு வரி, எழுத்துக்கு எழுத்து ஒன்றாகத் தெரிகிறது, குரூப் பண்ணினால் இரண்டாகப் பிரிகிறது, மெர்ஜ் பண்ணினால் ஒன்று சேர மாட்டேன் என்கிறது என்றால் கண்ணை நம்பாதீர்கள். யூனிகோடில் "தொ"வின் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னால் வரும் கொம்பு, பின்னால் வரும் கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. பிடிஎஃப்பிலிருந்து ஒட்டியது, பழைய எழுத்துருவிலிருந்து மாற்றியது இவற்றிலெல்லாம் இரண்டு குறி வடிவம் வந்து கலந்துவிடும். டெக்ஸ்ட் லெங்த் போட்டுப் பாருங்கள், ஒன்று 6, இன்னொன்று 7 என்று காட்டும். இரண்டு குறி வடிவத்தை ஒரு குறி வடிவமாக ரிப்ளேஸ் வேல்யூஸில் மாற்றிவிட்டால் போதும். ஓகாரத்துக்கும் இதையே செய்யுங்கள். நான் இதற்காக ஒரு முழு ராத்திரி விழித்திருந்திருக்கிறேன், உங்களுக்கு அது வேண்டாம்.

மற்ற மென்பொருளில் இருப்பவர்களுக்குச் சுருக்கமாக. டேப்லோவில் டேட்டா சோர்ஸ் பக்கத்தில் பத்திகளைத் தேர்ந்தெடுத்து வலது கிளிக்கில் பிவட், அங்கே பெயர் பிவட் என்றாலும் வேலை இதே இறக்குகிற வேலைதான், குழம்ப வேண்டாம். லுக்கர் ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோகிறவர்கள் கூகுள் ஷீட்டிலேயே ஃபிளாட்டன், ஸ்பிளிட் இரண்டையும் வைத்து இறக்கிவிட்டு இணைப்பது நல்லது. பைத்தான் தெரிந்தவர்களுக்கு பாண்டாஸில் மெல்ட் என்று ஒரே வரி, ஆனால் மெல்ட் காலிக் கட்டங்களை விடாது, அவற்றையும் வரியாக்கிக் கொண்டுவரும். மேலே சொன்ன காலி-பூஜ்யக் கணக்கை அங்கே நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பவர் குவெரியில் நீக்கச் சொன்னேனே, அந்த மொத்தம் வரி, மொத்தம் பத்தி, இரண்டையும் எக்ஸெல்லில் அழிக்காதீர்கள். எல்லாம் முடிந்ததும் பவர் பிஐயில் ஒரு சாதாரண டேபிள் போட்டு, மாதவாரியாகச் சரக்குவாரியாக எடையைக் கூட்டி, ஷீட்டில் கைப்பட எழுதிய மொத்தத்தோடு மூன்று மாதத்துக்காவது ஒத்துப்பாருங்கள். அதில் ஒன்று தடைக்காலம் வரும் மாதமாக இருக்கட்டும். கிலோவுக்குக் கிலோ ஒத்துப்போன பிறகு சார்ட்டை முதலாளியிடம் காட்டலாம். ஒத்துப்போகவில்லை என்றால் எந்த மாதம், எத்தனை கிலோ வித்தியாசம் என்று எழுதுங்கள், சரியாக இரண்டு மடங்கா, ஒரே ஒரு நாள் எடையா என்று பார்த்தாலே எந்தப் படியில் தவறியது என்று சொல்லிவிடலாம்.